இரண்டாவது ஃபைல்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், வால்வு தொழிற்சாலையில் இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தர ஆய்வாளராகப் பணியாற்றி, எந்தப் பொருளைப் பற்றியும் இதுநாள்வரை இரண்டாவது அபிப்பிராயம் கொண்டிராத இன்ஸ்பெக்டர் அவர்களின் உணவுக்குழாயினுடைய அடிப்பகுதி குறித்து மருத்துவ விஞ்ஞானம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. முடிவு தெரியும்வரை உற்றார், உறவினர், அண்டை வீட்டார் அனைவரும் தத்தம் அலுவல்களை ஒத்திவைத்துக் கவலையுடன் காத்திருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

இப்படி யாரும் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கவில்லை. அறிவித்திருந்தால் அவருக்குத் தொண்டை மிச்சமாகியிருக்கும். ரிப்போர்ட் வந்த வாரத்திலேயே தெருவில் இருந்த பதினாலு வீட்டுக்கும், தொழிற்சாலையில் மூன்று ஷிப்டுக்கும், இரண்டு மைத்துனர் வீட்டுக்கும் அவரே நேரில் போய்ச் சொல்லிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ் என்று பயப்பட வேண்டாம். தொழிற்சாலையில் வைத்த பெயர், வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. கையில் ஒரு சின்ன இரும்புத் தண்டு வைத்திருப்பார். அதன் ஒரு முனை வால்வின் துளைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. அப்படியே நடந்தால் பச்சைச் சீட்டு. இல்லையென்றால் சிவப்புச் சீட்டு. மேசையில் மஞ்சள் சீட்டுக் கட்டு ஒன்றும் உண்டு. சந்தேகமாக இருந்தால் அதை ஒட்டி, மறுபடி பார்க்க எடுத்து வைக்கலாம் என்பது விதி. அந்தக் கட்டின் மேலுறையை இருபத்தெட்டு வருஷத்தில் அவர் பிரித்ததில்லை. "தெரியலன்னு எழுதறதுக்கு எனக்கு எதுக்குச் சம்பளம்" என்பார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். ஆட்டாவிட்டால் இன்னொரு தடவை சொல்வார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்பேர்ப்பட்டவருடைய குழாய்க்குத்தான் மஞ்சள் சீட்டு விழுந்தது.

டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். இன்ஸ்பெக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"வயித்துல இருக்கற அமிலம் வருஷக்கணக்கா மேல ஏறி ஏறி, குழாயோட அடியில உள்தோல் வேற மாதிரி மாறியிருக்கு சார். அது நிறைய பேருக்கு இருக்கறதுதான். ஆனா அங்க எடுத்த துண்டுல சில செல்லு ஒழுங்கில்லாம தெரியுது. புண்ணு இருக்கறதால அப்படித் தெரியுதா, இல்ல புற்றுநோய்க்கு முந்தின படியான்னு இப்போதைக்குப் பிரிச்சுச் சொல்ல முடியல. லேப்ல ரெண்டு பேர் தனித்தனியா பார்த்தாங்க. ரெண்டு பேருமே 'உறுதியாகச் சொல்ல இயலாது'ன்னுதான் எழுதியிருக்காங்க."

"அவங்களுக்கு எத்தனை வருஷ சர்வீஸ்?"

டாக்டர் அதைக் காதில் வாங்காதவர் போல மேலே பேசினார். "ஆறு மாசம் மாத்திரை. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. புண்ணு ஆறினதும் மறுபடி உள்ள பார்த்து, இன்னும் நிறைய இடத்துல துண்டு எடுப்போம். அப்ப தெளிவாயிடும்."

"அதுவரைக்கும் எனக்கு இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"இந்த மாதிரி ரிப்போர்ட் வர்ற நூறு பேரை எடுத்துக்கிட்டா, வருஷத்துக்கு ஒருத்தருக்கு, மிஞ்சிப்போனா ரெண்டு பேருக்கு மோசமா மாறலாம். மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. யாருக்கு மாறும்னு முன்கூட்டித் தெரியாது. அதனாலதான் திரும்பப் பார்க்கறோம்."

"நூறு பேரை விடுங்க டாக்டர். நான் ஒரு ஆள்தான் வந்திருக்கேன்."

பின்னால் இருந்த அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டாள். முப்பத்தோரு வருஷத்தில் அவரைப் பார்த்துத் தெரியாது என்று ஒருவர் சொல்லி, அப்படிச் சொன்ன பிறகும் நிம்மதியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. டாக்டரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

அன்றிலிருந்து வீடு ஒரு தொழிற்சாலை ஆயிற்று. கூடத்துச் சுவரில் ஒரு பெரிய அட்டவணை. தேதி, மாத்திரை, உணவு, ஏப்பம், எரிச்சல், குறிப்பு என்று ஆறு கட்டம். ஏப்பம் வந்தால் எழுந்து போய்க் கோடு போடுவார். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல். படுக்கை சரிவாக இருந்தால் அமிலம் ஏறாதாம். பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்தாலும் அவள் சறுக்கிச் சறுக்கிக் கால்மாட்டுக்கு வந்துவிடுவாள். காரம், எண்ணெய், காபி எல்லாம் நாடு கடத்தப்பட்டன. குழைய வேகவைத்த சோறு, மசித்த காய்கறி, பாலில் ஊறவைத்த ரொட்டி. அவருக்குத் தனியாக, மற்றவர்களுக்குத் தனியாக என்று சமைக்க அவளுக்கு நேரமில்லை. ஆகவே வீடு முழுக்க நோயாளியின் சாப்பாட்டைச் சாப்பிட்டது.

அவளுக்குத் தையல் வேலை. துணிக்கடையில் வாங்குகிறவர்களுக்குக் கால்சட்டை நீளத்தைக் குறைக்க வேண்டும், ஜிப் மாற்ற வேண்டும், சட்டையில் இடுப்பைப் பிடிக்க வேண்டும். கடைக்காரர் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி அவள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு நாள் முழுக்க மெஷின் மேல் குனிந்திருப்பாள். குனியும்போதெல்லாம் நெஞ்சுக்குழியிலிருந்து ஒரு நெருப்பு கிளம்பித் தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இரண்டு வருஷமாக இருந்தது. அவள் அதற்குப் பெயர் வைத்திருக்கவில்லை. டாக்டர் படம் வரைந்தபோதுதான், அட, இது நம்ம வீட்டுக்காரர் படம் மட்டுமில்லையே என்று தோன்றியது.

அன்று மாலை சோறு போடும்போது சொன்னாள்.

"ஏங்க, எனக்கும் அப்படித்தான் எரியுது. ரெண்டு வருஷமா."

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு வால்வைப் பார்க்கிற பார்வைதான்.

"உனக்கு எரிஞ்சா அது எரிச்சல். எனக்கு ரிப்போர்ட் இருக்கு."

"ரிப்போர்ட் எடுத்தாத்தானே இருக்கும்."

"போட்டிக்கு வராத. நாலு வாய் மெதுவா தின்னு, சரியாயிடும்."

மகள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடையில் வேலை. கண் பரிசோதித்து ஃபிரேம் எடுத்துக் கொடுப்பாள். அப்பாவுக்காக அந்த மாதம் மட்டும் ஐந்து நாள் லீவு போட்டு, முதலாளியிடம் பேச்சு வாங்கி வந்திருந்தாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள்.

"அம்மா தாயே, நீயாவது நல்லா இரு. ஒரு ஃபைலைத் தூக்கிட்டு அலையறதுக்கே எனக்குக் கை வலிக்குது. ரெண்டாவது ஃபைலுக்கு என்கிட்ட கை இல்ல."

அப்பாவும் மகளும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, யாரிடமும் சொல்லாமல் ஒரு தீர்மானத்துக்கு வந்தாள்: அவருடைய ஆறு மாதம் முடியட்டும். வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்.

மறுநாள் நெருப்பு வழக்கம்போல எட்டிப் பார்த்தபோது அலமாரியைத் திறந்தாள். மாத்திரை அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, தேதி எழுதி அடுக்கப்பட்டிருந்தன. அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்தால் ஓட்டை தெரியும். இருபத்தெட்டு வருஷம் ஓட்டையைப் பார்த்தே சோறு தின்றவர். ஆகவே தையல் கத்திரியை எடுத்து, அடியில் இருந்த அட்டையின் ஓரத்தில் ஒரே ஒரு மாத்திரையை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்துக்கொண்டாள். மருந்துக் கடையில் வெட்டிக் கொடுத்தது போலவே இருந்தது. மாத்திரை போட்ட இரண்டு நாளில் நெருப்பு அடங்கியது. இவ்வளவு சின்னது இவ்வளவு வேலை செய்கிறதே என்று ஆச்சரியமாகவும், இரண்டு வருஷத்தை எண்ணிக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. அதற்கப்புறம் இரண்டு நாளைக்கு ஒன்று, சில வாரம் நாளைக்கு ஒன்று.

மூன்றாவது மாதம் இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்தார். கணக்குப்படி முப்பதாம் தேதி வரை வர வேண்டிய மாத்திரை இருபத்து மூன்றாம் தேதியே தீர்ந்துபோயிற்று. கடைசி அட்டைகளை மேசையில் பரப்பி, அளவுகோல் வைத்து அளந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அறிவித்தார்.

"மருந்துக் கடையில மோசடி."

"யாருக்குங்க தெரியும், எண்ணாம குடுத்திருப்பாங்க" என்றாள் அவள், குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து.

"எண்ணாமயா. பாரு, ஒவ்வொரு அட்டையிலயும் ஓரத்துல வெட்டியிருக்கான். எட்டு எட்டா வித்துட்டுப் பத்துக்குக் கணக்கு எழுதறான். ஒரு நோயாளியோட உயிர்ல விளையாடற வேலை. நான் விடப்போறதில்ல."

விடவில்லை. மனைவியைச் சாட்சியாக அழைத்துக்கொண்டு, அட்டைகளை ஒரு கவரில் போட்டு, கவரின் மேல் 'ஆதாரம்' என்று எழுதி, கடைக்குப் போனார். கடையில் நாற்பது வயதுக்காரி ஒருத்தி இருந்தாள். அவர் பத்து நிமிஷம் பேசினார். தரம் என்றால் என்ன, நம்பிக்கை என்றால் என்ன, தன்னுடைய தொழிற்சாலையில் இப்படி ஒரு குறை வந்தால் என்ன நடக்கும் என்பதையெல்லாம் விளக்கினார். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் இருமல் மருந்து வாங்க வந்தவர். இருமலை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைக்காரி அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு தன் மேசையில் கிடந்த கத்திரியை எடுத்துக் காட்டினாள். பிடி உடைந்து, நூல் சுற்றிய கத்திரி.

"சார், இந்தக் கத்திரிக்கு இவ்வளவு நேரா வெட்டத் தெரியாது."

"அப்ப எலி வெட்டிச்சா?"

கடைக்காரி இன்ஸ்பெக்டரின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே நின்ற பெண்ணின் முந்தானையில் இரண்டு குண்டூசியும் ஒரு வெள்ளை நூலும் ஒட்டிக்கொண்டிருந்தன. கடைக்காரியின் பார்வை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"தப்பு எங்க மேலதான் சார். இந்தாங்க, குறைஞ்சதுக்குப் புது அட்டை. அங்க அந்த நோட்டுல உங்க புகாரை எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

நோட்டு என்றதும் இன்ஸ்பெக்டர் கடையின் மறு கோடிக்குப் போய்விட்டார். அது ஒன்றரைப் பக்கம் வரும் என்று இருவருக்குமே தெரியும்.

"அக்கா, உங்களுக்கா?" என்றாள் கடைக்காரி, குரலைத் தாழ்த்தி.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எத்தனை நாளா?"

"எரிச்சல் ரெண்டு வருஷமா. மாத்திரை இப்ப ரெண்டு மாசமாத்தான்."

"எரிச்சல் மட்டும்தானா?"

"இப்ப கொஞ்ச நாளா ரொட்டி இறங்கும்போது இங்க ஒரு இடத்துல நின்னு நின்னு போகுது." நெஞ்சின் நடுவில் விரலை வைத்துக் காட்டினாள். "தண்ணி குடிச்சா இறங்கிடும்."

கடைக்காரியின் முகம் மாறிவிட்டது. "அக்கா, அது மாத்திரைக்கு அடங்கற விஷயமில்ல. நின்னு போகுதுன்னா உடனே பார்க்கணும். நாளைக்கே போங்க. அவர் பார்க்கறாரே, அதே டாக்டர்கிட்ட போங்க."

"அவருது ஒண்ணு முடியட்டும்மா. இன்னும் மூணு மாசம்தான். ஆறு மாசத்துல அவருக்குத் தெளிவாயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"அவருக்கு மூணு மாசம் இருக்குக்கா. உங்களுக்கு எவ்வளவு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அதற்குள் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுத் திரும்பி வந்தார், ஒரு சாம்ராஜ்யத்தைக் கைப்பற்றிய நடையுடன். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வெற்றியை அவளுக்கே மூன்று தடவை விவரித்தார். நாளைக்கே போங்க என்ற பேச்சு அவள் காதில் தெருமுனைவரை கூட வந்தது. வீட்டுக்குள் வந்ததும், அன்று மாலை கொடுக்க வேண்டிய பதினொரு கால்சட்டை மூட்டையாகக் கிடந்தது. நாளைக்கே என்பது அடுத்த வாரம் ஆயிற்று. அடுத்த வாரம் மகளுக்குக் கடையில் சரக்கு வரும் வாரம். அதற்கடுத்த வாரம் இன்ஸ்பெக்டருக்கு ஒரே நாளில் நாலு ஏப்பம் வந்து வீடே கலங்கிப்போயிற்று.

இன்ஸ்பெக்டர் மாத்திரைக்கு ஒரு தகரப் பெட்டி வாங்கினார். பூட்டு போட்டார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "இனிமே கடைக்காரி கையும் படாது, எலி கையும் படாது." மருந்துக் கடைக்கு அவளாகப் போய்த் தனியாக வாங்கியிருக்கலாம். போனால் கடைக்காரி டாக்டரைப் பார்த்தீங்களா என்று கேட்பாள். அதற்குப் பதில் இல்லாததால் அவள் அந்தத் தெரு வழியாகவே போவதை விட்டுவிட்டாள். சுற்றுவழி. பால் வாங்கப் போவதற்கே கால் மணி நேரம் கூடுதல்.

வேடிக்கை என்னவென்றால், மாத்திரை நின்ற பிறகும் முன்போல எரியவில்லை. எரிச்சல் தானாகவே குறைந்துவிட்டது. பார்த்தாயா, சரியாயிடுச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாப்பாடு மட்டும் நின்று நின்று போயிற்று. முதலில் ரொட்டி நின்றது. பிறகு சோறு. ஆனால் அந்த வீட்டில் எல்லாம் குழைந்துதானே இருந்தது. இன்னும் கொஞ்சம் குழைத்தாள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டாள்.

"சாப்பாடு இப்பல்லாம் தொண்டையில தெரியாமயே இறங்குது. இதுதான் டயட்" என்று இன்ஸ்பெக்டர் மெச்சிக்கொண்டார். அட்டவணையில் உணவுக் கட்டத்தில் 'மிக நன்று' என்று எழுதினார்.

அவள் இளைத்தாள். எல்லோரும் பாராட்டினார்கள். எதிர்வீட்டுக்காரி வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள். "என்ன சாப்பிடறீங்க, இடுப்பெல்லாம் இப்படி இறங்கிப்போச்சு? எனக்கும் சொல்லுங்களேன்." இன்ஸ்பெக்டரே உள்ளேயிருந்து வந்து பதில் சொன்னார். தன்னுடைய உணவு முறை தனக்கு மட்டுமின்றிக் குடும்பத்துக்கே நன்மை செய்திருப்பதாகவும், எழுதிக் கொடுக்கத் தயார் என்றும். எழுதியும் கொடுத்தார். அவள் தன்னுடைய ரவிக்கைகளையெல்லாம் பக்கவாட்டில் அரை அங்குலம் பிடித்துத் தைத்தாள். மாதம் முடிவதற்குள் மறுபடி அரை அங்குலம். தொழில் தெரிந்தவளுக்கு அளவு பொய் சொல்லாது. டேப்பைச் சுருட்டி மெஷின் இழுப்பறைக்குள் போட்டாள்.

ஆறாவது மாதம் வந்தது. இன்ஸ்பெக்டரின் குழாயை மறுபடி பார்க்கும் நாள். இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா, ஆறு மாத அட்டவணை சுருட்டி ரப்பர் போட்டு. வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவர் சாப்பிடாததால் அவளும் சாப்பிடவில்லை. உண்மையில் அவள் இரண்டு நாளாகவே பால் தவிர எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அன்றைக்குத்தான் அதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

அவரைச் சக்கரப் படுக்கையில் உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது கையைத் தூக்கி ஆட்டினார். "தைரியமா இரு. முடிவு எதுவா இருந்தாலும் நான் தாங்கிக்குவேன்."

வெளியே நீளமான பெஞ்சு. நாலைந்து பேர் தத்தம் நோயாளிகளுக்காகக் காத்திருந்தார்கள். மகள் அன்று வரவில்லை, லீவு தீர்ந்துபோயிருந்தது. கூட வந்தவர்கள் மயங்கி விழுந்துவிடக் கூடாது என்று அந்த வார்டு நர்சு தினமும் ஒரு தட்டில் டீயும் பன்னும் கொண்டுவந்து வைப்பாளாம்.

"ஒண்ணு எடுத்துக்கம்மா. முகமெல்லாம் வெளிறிப்போய் இருக்கு."

"வேணாம் சிஸ்டர்."

"எடுத்துக்கங்க. உங்களையும் தூக்கிப் படுக்க வைக்க எங்ககிட்ட கட்டில் இல்ல."

பெஞ்சு சிரித்தது. மரியாதைக்காக ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டாள். வெகு நேரம் மென்றாள். விழுங்கினாள். அது நெஞ்சின் நடுவில் போய் நின்றது. டீயைக் குடித்தாள். டீயும் அதன் மேல் போய் நின்றது. பிறகு இரண்டும் சேர்ந்து திரும்பி வந்தன. முந்தானையில் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

நர்சு தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அந்தக் கதவுக்குள் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவள். முதலில் அவள் பார்த்தது முகத்தை அல்ல, கழுத்தெலும்பை.

"எவ்வளவு நாளாம்மா இப்படி?"

"நோயாளி அவருங்க. உள்ள இருக்காரு."

"அவரை டாக்டர் பார்த்துக்கிட்டு இருக்கார். நான் உங்களைக் கேட்கறேன்."

யாரோ தன்னைப் பார்த்து இந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை நாளாயிற்று என்று அவள் யோசித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. பன் விக்கியதால் என்று சொல்லிக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்: எரிச்சல், மாத்திரை, கத்திரி, ரொட்டி, சோறு, ரவிக்கை. முடிந்ததும் நர்சு எழுந்து உள்ளே போய், டாக்டரோடு திரும்பி வந்தாள்.

இன்ஸ்பெக்டர் மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது பக்கத்தில் மனைவி இல்லை. அவருக்குக் கோபம் வந்தது. இந்த நேரத்தில் எங்கே போனாள் என்று கேட்டார். பக்கத்து அறையில் குழாய் போட்டுப் பார்க்கிறார்கள் என்றார்கள். யாருக்கு என்று கேட்டார்.

எட்டு நாள் கழித்து இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினார் டாக்டர். இந்த முறை மகளும் வந்திருந்தாள். மேசை மேல் இரண்டு ஃபைல். பழையது தடியாக இருந்தது. புதியதில் நாலே தாள்.

பழையதை டாக்டர் முதலில் திறந்தார். "சார், உங்களுக்குப் புண்ணு முழுசா ஆறிடுச்சு. இந்தத் தடவை பதினாறு துண்டு எடுத்தோம். எதுலயும் சந்தேகப்படற மாதிரி ஒண்ணுமில்ல. அன்னிக்குப் பார்த்த ஒழுங்கின்மை புண்ணால வந்ததுதான். உள்தோல் மாறியிருக்கறது மாறினதுதான், அதனால மாத்திரையை விடாதீங்க. மூணு வருஷம் கழிச்சு ஒரு தடவை பார்த்துக்கலாம்."

ஆறு மாதமாக அவர் காத்திருந்த பச்சைச் சீட்டு. அவர் அதை வாங்கக் கை நீட்டவில்லை.

"அடுத்தது?" என்றார்.

டாக்டர் இப்போது அவளைப் பார்த்துப் பேசினார். குழாயும் வயிறும் சேரும் இடத்தில் கட்டி. புற்றுநோய்தான். ஸ்கேனில் கல்லீரலிலும் நாலு இடத்தில் தெரிகிறது. அறுவை செய்கிற கட்டம் தாண்டிவிட்டது. சாப்பாடு இறங்குவதற்கு ஒரு கம்பிச் சுருள் வைக்கலாம். உடம்பு தாங்கினால் மருந்தும் ஏற்றிப் பார்க்கலாம். டாக்டர் எதையும் சுற்றி வளைக்கவில்லை. அவளுக்கு அதற்காகவும் அவரைப் பிடித்தது.

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் ஃபைலைத் தன் பக்கம் இழுத்தார். நாலு தாளையும் புரட்டினார். விரலை ஒரு வரியின் மேல் வைத்தார்.

"இதை எத்தனை பேர் பார்த்தாங்க டாக்டர்?"

"ரெண்டு பேர் சார்."

"ரெண்டு பேரும் இதையேதான் எழுதினாங்களா?"

"ஆமாம்."

"உறுதியாத் தெரியாதுன்னு எழுத முடியாதா?"

டாக்டர் முடியாது என்று தலையசைத்தார்.

"எனக்கு எழுதினீங்களே டாக்டர். ஆறு மாசம் பார்க்கலாம்னு எழுதினீங்களே. அதே மாதிரி இவளுக்கும் ஒண்ணு எழுதுங்க. நான் யாரையும் எதுவும் கேட்க மாட்டேன். எத்தனை வருஷ சர்வீஸ்னு கேட்க மாட்டேன். சந்தேகம்னு மட்டும் போடுங்க, போதும்."

"போதுங்க, விடுங்க" என்றாள் அவள். "அவர் என்ன பண்ணுவார்."

வீட்டுக்கு வந்ததும் அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தகரப் பெட்டியைத் திறந்தார். பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவள் மெஷின் மேல் வைத்தார். அவளுக்கு அதனால் இனி ஒரு பயனும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தது அவருக்கும் தெரியும். வேறு என்ன வைப்பது என்று தெரியாமல் வைத்தார்.

"நீதான் வெட்டினியா?"

"ம்."

"கடையில அந்தம்மாவை நான் என்னென்ன பேசினேன். நீ பக்கத்துலதானே நின்ன."

"ஒன்றரைப் பக்கம் எழுதினீங்க."

அவருக்குச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. அது வேறு மாதிரி வெளியே வந்தது. ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முப்பத்தோரு வருஷத்தில் அந்த அறையில் அவர் உட்கார்ந்ததே இல்லை, நின்றுகொண்டுதான் பேசுவார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேங்க."

"எப்ப?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் உண்மையாகவே தேடிக்கொண்டிருந்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ஆறு மாதத்தையும் ஒவ்வொரு நாளாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை. கிடைத்துவிட்டால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்று அவளுக்குத் தோன்றியது.

"எப்பவோ. நீங்க தூக்கக் கலக்கத்துல இருந்திருப்பீங்க."

"அப்படித்தான் இருக்கணும்" என்றார் அவர். பிறகு, "இல்லன்னா நான் கவனிச்சிருப்பேன்" என்றார்.

"கவனிச்சிருப்பீங்க."

மகள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த மாலை ஞாபகம் இருந்தது. தட்டில் இருந்த சோறு முதற்கொண்டு, தான் சொன்ன வார்த்தை முதற்கொண்டு. அம்மா அவளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். சொல்லாதே என்பது போல. மகள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தம் வெகு நேரம் கேட்டது.

கம்பிச் சுருள் வைத்த மறுநாள் அவளால் அரை டம்ளர் சூப் குடிக்க முடிந்தது. இன்ஸ்பெக்டருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. தொழிற்சாலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தார். ஊரிலுள்ள மூன்று பெரிய டாக்டர்களின் பெயரைக் குறித்துக்கொண்டார். எதிர்வீட்டுக்காரியிடம் தான் எழுதிக் கொடுத்த உணவு முறையைத் திருப்பி வாங்கிக் கிழித்துப் போட்டார். தலையணையைச் சரி செய்து அவளை நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு, கட்டிலின் முன்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"இங்க பாரு. இனிமே இது என் பொறுப்பு. நான் ஒரு காரியத்தைக் கையில எடுத்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும். இந்த டாக்டருங்க சொல்றதை நான் ஒத்துக்கல. புரியுதா? நீ எதையும் நினைக்காத. உன்னை நான் விடப்போறதில்ல."

"சரிங்க" என்றாள் அவள். "அந்த நீலக் கால்சட்டைக்கு மட்டும் இன்னும் ஜிப் வைக்கல. கடைக்காரர் கேட்பார்."

"அதையும் நான் பார்த்துக்கறேன்."

அவள் அதிலிருந்து இருபத்திரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு இறந்துபோனாள்.